அப்பாவின் புறாவுக்கு நீ அனுப்பிய ஸ்பீக்கர்

கிளாத்தேனிலிருந்து

அன்பு மகள் வினார்சிக்கு,

சலாம். அந்தக் குளிர் ஊரில் உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். உன் அப்பாவின் பெர்குத்துப் புறா நேற்று வீட்டை விட்டுப் போய்விட்டது. பறந்து போகவில்லை, நாங்களே கூண்டோடு கொடுத்துவிட்டோம். பெருநாளுக்கு அப்பாவின் பொழுதுபோக்குக்கு ஏற்ற மாதிரி, விலை அதிகமில்லாமல் என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதும் முன் இதைச் சொல்லியாக வேண்டும்.

அவர் பிறந்த நாளுக்கு ஒரு ஸ்பீக்கர் அனுப்பினாயே, போட்டியில் ஜெயித்த புறாக்களின் கூவலைப் பதிந்தது, அதுதான் காரணம். முராய்க் குருவி கேட்டுக் கேட்டுப் பாடப் பழகும். பெர்குத்து தன் குரலோடு பிறக்கிறது, அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. தன்னைவிடப் பலத்த குரல் பக்கத்தில் கேட்டால் ஒடுங்கிப்போகும். புறாக் கூண்டை ஏற்றுகிற அந்தக் கம்பத்தடியில்தான் நீ தவழ்ந்தாய், இதுகூடவா தெரியாமல் போயிற்று? சரக்கைத் தெரிந்துகொள்ளாமல் விலையை மட்டும் பார்க்கிறவர்களை வைத்துத்தான் நான் இத்தனை வருஷம் வெல்லம் விற்றுப் பிழைத்தேன். என் மகளே அப்படி ஒரு வாடிக்கைக்காரி ஆவாள் என்று நினைக்கவில்லை.

உன் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் தினமும் காலையில் கூண்டைக் கம்பத்தில் ஏற்றிவிட்டு அடியில் ஸ்பீக்கரைப் பாட விட்டார். தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்தி, தைவானிலிருந்து மகள் அனுப்பியது என்று காட்டினார். முதலில் புறா பாதியில் நிறுத்தியது, பிறகு வாயே திறக்கவில்லை. புறா வளர்க்கும் சர்ஜு வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன சுவொண்டோ அண்ணே, வீட்டுக்குள்ள ஒரு ரவுடியக் கொண்டாந்து வச்சுட்டு, இவனப் பாடச் சொன்னா எப்படிப் பாடுவான்?" என்றார். நான் ஸ்பீக்கரை நிறுத்தப் போனேன், உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். நீ வாராவாரம் ஸ்பீக்கர் பாடுகிறதா என்று கேட்கிறாயாம், உன்னிடம் பொய் சொல்ல மாட்டாராம். அப்படியானால் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். "அவ என்கிட்ட கேக்குறது அது ஒண்ணுதான், முர்தினி. சரியில்லன்னு சொல்லிட்டா அப்புறம் எதக் கேட்டுப் போன் பண்ணுவா?" என்றார். அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் அவருக்கே சொல்.

இந்தப் புறாவுக்கு விலை என்று யாரும் சொல்வதில்லை, மஹர் என்றுதான் சொல்வோம், பெண் எடுக்கும்போது மாப்பிள்ளை கொடுக்கிற மாதிரி. உன் அப்பா வேலைக்குப் போய் வந்த சைக்கிளை மஹராகக் கொடுத்து இதை வீட்டுக்கு அழைத்து வந்தார், பிறகு ரொம்ப நாள் நடந்தேதான் போனார். நேற்று சர்ஜுவின் மோட்டார் சைக்கிளில் கூண்டை வைத்துக் கட்டும்போது முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். இன்று காலையும் வெறும் கம்பத்தடியில் ஸ்பீக்கர் பாடியது.

என்ன வாங்கலாம் என்றுதானே கேட்டாய்? கூண்டை ஏற்றுகிற கயிறு பிரிபிரியாகப் போய் அவர் உள்ளங்கையை அறுக்கிறது. எந்த இரும்புக் கடையிலும் நல்ல நைலான் கயிறு கிடைக்கும், ஒரு வேளை சாப்பாட்டுக் காசு ஆகாது. அப்போதே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது ஏற்றுவதற்குக் கூண்டு இல்லை, ஒன்றும் அனுப்பாதே.

குளிர் நாளில் தலையை நனைத்துக்கொண்டு வேலைக்குப் போகாதே. மேஸ்திரியிடம் வாய் கொடுக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். உனக்குச் சொல்லக் கூடாது என்ற பேச்சின் மேல்தான் உன் அப்பா புறாவைக் கொடுக்கச் சம்மதித்தார். சந்தையில் ஒத்துக்கொண்ட பேச்சை நான் மாற்றியதில்லை, இதை மாற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது மறக்காமல் புறாவைப் பற்றிக் கேள், ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்காதே. சர்ஜுவோடு பேசி முடித்தது இவ்வளவுதான்: மஹர் கிடையாது, ஸ்பீக்கர் சத்தம் கேட்காத அவர் வீட்டில் பெருநாளுக்குள் கூவினால் புறா எங்களுக்கு, அதன் முதல் ஜோடிக் குஞ்சுகள் அவருக்கு. கூவாவிட்டால் புறா அவருடையது.

உன் அம்மா,
முர்தினி