மஸ்தான் மாற்றி வாசித்த சிலோன் கதை

என் உயிருக்கு உயிரான மஸ்தான் மச்சானுக்கு,

நீ நிம்மதியாகப் படுத்துவிட்டாய். இங்கே நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். திருப்போரூரில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழவே இல்லை என்று கேட்டு அழுது தீர்த்தாயிற்று. மிச்சம் இருப்பது கோபம்தான். கொஞ்சம் காரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன் ஜவுளிக்கடையை உன் வீட்டுக்காரி, தங்கச்சி ஆயிஷாதான் பார்த்துக்கொள்கிறது. பக்கத்தில் என் தையல் மிஷின் ஓடுகிறது. போன வாரம் கொழும்பிலிருந்து உன் மாமன் மகன் அனுப்பும் மாதப் பத்திரிகை வந்தது. நம்ம புதுப்பட்டினம் படிப்பகத்தில் நீ மாசாமாசம் சத்தமாக வாசித்த தேயிலைத் தோட்டத்துத் தொடர்கதை அதில் முடிந்திருந்தது. “அண்ணே, இத நீங்கதான் படிச்சுக் காட்டணும்” என்று தங்கச்சி கொடுத்துவிட்டுப் போனது.

பழைய இதழ்களையும் வாங்கி முதலிலிருந்து படித்தேன். என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய், மச்சான்!

கதையில் வருகிற அந்தப் பெண் சிலோன் தோட்டத்திலேயே பிறந்தவள். நீ அவளை மதுராந்தகம் பக்கத்துப் படாளத்தில் பிறக்க வைத்துவிட்டாய். அச்சில் அவள் பேச்சே வேறு. உன் வாயில் அவள் ‘இன்னா’, ‘வூடு’ என்று நம்ம பஜாரில் கருவாடு வாங்குகிறவள் மாதிரிப் பேசினாள். நாங்களும் நம்ம ஊர்ப் பெண் என்று நம்பி உச்சுக்கொட்டினோம்.

முன்பு ஒரு சிலோன் கதையை அச்சில் இருந்தபடியே நீ வாசித்தபோது பேச்சு புரியாமல் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வேலையை ஆரம்பித்திருக்கிறாய். நம்ம மாதிரி பேசினால்தான் நம்ம மனுஷியா? கொழும்புக் கடையை மூடிவிட்டு நீ இங்கே வந்த புதிதில், உன் பேச்சைக் கேட்டு ‘சிலோன்காரன்’ என்று நாங்கள் சிரித்தோமே, அது உன் மனசில் தைத்துவிட்டதா?

இதெல்லாம் போகட்டும். கன்னியப்பனை என்ன செய்வது?

படாளத்தில் பண்ணையாளாக இருந்து, இங்கே கூலி வேலைக்கு வந்து தங்கிவிட்டவன். அவன் அக்கா சின்ன வயசில் ஆள் பிடிக்க வந்த கங்காணியோடு சிலோன் தேயிலைக்குப் போனவள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. நீ ‘படாளம்’ என்று வாசித்த நாளிலிருந்து அது தன் அக்காதான் என்று முடிவு கட்டிவிட்டான். பத்திரிகையில் போட்டிருந்தால் நடந்ததாகத்தான் இருக்கும் என்பது அவன் நினைப்பு. உனக்கு இது தெரியுமா, தெரிந்தும் பேசாமல் இருந்தாயா?

“நீ எங்கள் பிரஜை இல்லை, கப்பலேறு” என்று சிலோன் சர்க்கார் அவளை விரட்டுகிற இடத்தில் நிறுத்திவிட்டு நீ போய்விட்டாய். கன்னியப்பன் ஆடுகளை விற்றான். அக்கா தங்கக் குடிசையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கினான். சிலோன் கப்பல் வருகிற தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பல்துறையில் நிற்கப் போவதாகச் சொல்லி, அக்காவுக்கு ரவிக்கை தைக்கத் துணி கொண்டுவந்தான்.

அளவு கேட்டேன்.

“எனக்கு இன்னா தெரியும் அண்ணாத்த? அவ போவசொல்ல சின்னப் பொண்ணு. ஏதோ ஒரு பொம்பள அளவுக்குத் தெச்சுக் குடு.”

அந்தத் துணியில் கத்தரி வைக்க எனக்குக் கை வரவில்லை.

நேற்று சாயங்காலம் படிப்பகம் நிறைந்துவிட்டது. கன்னியப்பன் முன்னால் வந்து உட்கார்ந்தான். உன்னைப் போலவே மாற்றி வாசித்துச் சமாளித்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். முடிவு அதற்கு இடம் கொடுக்கவில்லை. கப்பல்துறையில் அதிகாரி, “உன் ஊர் எது?” என்கிறான். அவள் தோட்டத்தின் பேரைச் சொல்கிறாள். அவன் மறுபடியும் கேட்கிறான், அவளும் அதையே சொல்கிறாள். அவ்வளவுதான் கதை. அங்கே படாளத்தை எப்படி நுழைப்பாய்?

வாசிக்கும் முன்பே உடைத்துச் சொல்லிவிட்டேன். இவள் படாளத்துக்காரி இல்லை, இது யாரோ எழுதிய கதை, ஊரை மாற்றியவன் மஸ்தான் என்று. பிறகு அவள் பேச்சை அவள் பேசுகிறபடியே, தடுக்கித் தடுக்கி வாசித்தேன். யாரும் எழுந்து போகவில்லை. நான் கன்னியப்பனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்க வருவான் என்று பயமாக இருந்தது.

முடிந்ததும் எழுந்தான். “அப்போ இது எங்கக்கா இல்லியா?”

“இல்லடா.”

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். “அவ போயும் எம்மாங்காலம் ஆச்சு. ஊரு எதுன்னு கேட்டா அவளும் தோட்டத்துப் பேரத்தான் சொல்லுவாளா, அண்ணாத்த?”

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

“சொன்னா சொல்லட்டும்,” என்றான். “கப்பல்ல ஜனம் வந்துகினுதானே கீது? நான் போயி நிக்கிறேன். நீ ரவிக்கையத் தெச்சுக் குடு.”

இன்றைக்குத் தைத்துவிட்டேன். யாருக்கானாலும் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ள உள்ளே தாராளமாகத் துணி விட்டிருக்கிறேன்.

உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை, மச்சான். நீ இல்லாத கடைத்தெருவும் எனக்குப் பிடிக்கவில்லை. செங்கல்பட்டில் அவனைத் தனியாக ரயிலேற்றிவிட மனசு கேட்கவில்லை. நாளைக்கு நானும் போகிறேன். கப்பலிலிருந்து இறங்குகிறவள் எந்தப் பேச்சில் எந்த ஊரைச் சொன்னாலும் நான் திருத்தமாட்டேன். சிரிக்கவும் மாட்டேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் மச்சான்,
ஏகாம்பரம்