கதவோரத்து ஆணி

இன்று காலை நம் வீடியோ கடையில் கம்பளி கருகும் வாடை அடித்தது. கம்ப்யூட்டரில் வயர்தான் பற்றிக்கொண்டதோ என்று பதறிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். கம்ப்யூட்டர் பெட்டியருகே மூக்கைக் கொண்டுபோனால், நனைந்து காயும் உன் மப்ளரின் அதே வாடை. மப்ளரோ கதவோரத்து ஆணியில் தொங்குகிறது. உன் கருமாதியன்று உன் மனைவி என்னிடம் கொடுத்தது அது. பிறகு இந்த வாடை பெட்டிக்குள்ளிருந்து எப்படி வரும்? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உன்னோடு கூட்டுத்தொழில் செய்தவனுக்கு அது வராமல் இருக்குமா?

அந்தக் கிழட்டுப் பெட்டி நம்மைப் படுத்தியபாடு உனக்குத் தெரியும். கல்யாண வீடியோவோ கோயில் தேர் வீடியோவோ, முடியப்போகும் நேரம் பார்த்துத் திரை கோடு கோடாகி இருண்டுவிடும். இறம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோவோம். "கிராஃபிக்ஸ் கார்ட் சூடாகுதுங்க. ஃபேன்ல பஞ்சு மாதிரி தூசு. தொடச்சிட்டேன்" என்பார் ரிப்பேர்காரர்.

"தூசாம் தூசு! நல்ல கார்ட எடுத்துக்கிட்டு ஓட்ட கார்ட மாட்டியிருப்பான் மச்சான்" என்று பஸ்ஸில் என் காதைக் கடித்தாய். அடுத்தமுறை கார்டின் மூலையில் உன் மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து அனுப்பினாய். பொட்டு பத்திரமாகத் திரும்பி வந்தது. உன் முகம்தான் தொங்கிப்போனது. அதன்பிறகு உன் சந்தேகம் என் பக்கம் திரும்பியது.

"இந்தக் குளிர்ல மனுசனே வெறச்சுப் போறான், பெட்டி மட்டும் எப்பிடிடா தானா சூடாகும்? நான் லயத்து வீட்டுக்குப் போனதும் நீ எவன் வேலையவோ திருட்டுத்தனமா செஞ்சு குடுக்குற."

"சாமி சத்தியமா இல்லடா."

நீ நம்பவில்லை. பாஸ்வேர்டு போட்டாய். தினமும் உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாய். கூட்டாளியான நான், நீ வரும்வரை கடைக்குள்ளேயே சும்மா உட்கார்ந்திருப்பேன்.

காற்று போகட்டும் என்று பெட்டியின் பக்கத் தகட்டை எப்போதும் கழற்றியேதான் வைத்திருந்தோம். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பனியில் நனைந்து வருகிற நீ மப்ளரை அந்தத் திறப்பின் மேலேயே தொங்கவிடுவாய். "சும்மா போற சூடுதானே, காயட்டும்" என்பாய். நானும் நல்ல யோசனை என்றே நினைத்தேன்.

இன்று கார்டைக் கழற்றினேன். ஃபேனுக்கு அடியில், தகடுகளின் இடுக்கெல்லாம் பச்சைக் கம்பளிப் பஞ்சு அடையடையாக அப்பிக் கிடந்தது. உன் மப்ளரின் பச்சை. ரிப்பேர்காரர் மேலாகத் துடைத்தது போக மிச்சம். மூலையில் உன் சிவப்புப் பொட்டு அப்படியே இருக்கிறது. "டேய், பாருடா!" என்று கத்திவிட்டேன். ரிப்பேர்காரரும் திருடவில்லை, நானும் திருடவில்லை. ஆனால் இதைப் பார்க்க வேண்டியவன் நீ ஒருவன்தானே?

அப்போதுதான் ஆணி கண்ணில் பட்டது. நீ போவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன் அதை அடித்தவன் நீ. அன்று எனக்கு முன்பே வந்து பெட்டிக்குள் ஊதிக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, சுத்தியலை எடுத்துக் கதவோரத்தில் ஆணி அடித்து மப்ளரை மாட்டினாய்.

"என்னடா ஆணி?"

"சும்மாதான் மச்சான். பாஸ்வேர்டையும் எடுத்துட்டேன். நீ வேணும்னா பெட்டியப் போட்டுப் பாரு."

என்னைப் பிடிக்க ஏதோ பொறி வைக்கிறாய் என்று நினைத்தேன். நீ இல்லாத நேரம் பெட்டியைத் தொடவே இல்லை. பிறகு உன் நெஞ்சு நின்றுபோனது.

உன் மப்ளர்தான் காரணம் என்று அன்றைக்கே உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி! வாய்க்கு வராததை ஆணியாக அடித்துவிட்டுப் போனாய். தினமும் உன் மப்ளரைக் கழுத்தில் சுற்றி வந்து அதில்தான் மாட்டுகிறேன், எனக்கு உறைக்கவே இல்லை.

பஞ்சையெல்லாம் பிரஷ்ஷால் எடுத்துவிட்டேன். தேர் வீடியோ நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆணி மட்டும் கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. சுத்தியலை எடுத்து இறுக்கி அடித்துவிட்டு, உன் மப்ளரை மறுபடி அதில் மாட்டினேன்.