மரம் போன வள்ளம்

பாஷையூர்,
1991 தை 11

மகள் பெர்னடெட்டையும் பேரப்பிள்ளைகளையும் அந்தோனியார் காப்பாராக. மாமா நீக்கிலாப்பிள்ளை சொல்ல, அயல்வீட்டு மார்கிரட் எழுதுகிறாள்.

உன் கடிதம் செஞ்சிலுவைக்காரர் மூலம் கிடைத்தது. என் மகன் சிமியோன் இன்னும் மண்டபம் முகாமுக்கு வந்து சேரவில்லை என்ற வரியைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னேன். பாலன் பிறக்கிற நத்தாருக்கு உங்களோடு இருக்க வேணும் என்று அவன் எப்போதோ புறப்பட்டுவிட்டான். மண்ணெண்ணெய் கிடைக்காததால் மோட்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் பாய் கட்டித்தான் போனான்.

வள்ளத்துக்கு மரம் போச்சு என்று முகாமில் யாரோ சொன்னார்களாம், அதன் அர்த்தம் என்ன என்று கேட்டிருக்கிறாய். நீ கடல் இல்லாத மானிப்பாய்ப் பிள்ளை, உனக்கு எப்படித் தெரியும்? மரம் போவதென்றால் பாய்மரம் முறிவது. வள்ளம் தாழ்வது அல்ல. அண்ணையும் நானும் இளந்தாரிகளாக இருந்தபோது நெடுந்தீவுக்கு மேற்கே எங்களுக்கும் மரம் போனது. வாடைக்காற்று எங்களைத் தள்ளிக்கொண்டுபோய்த் தொண்டியில் விட்டது. அங்கே மரைக்காயர் வீட்டில் தந்த கஞ்சியின் சூடு இன்னும் நாக்கில் இருக்கிறது.

சிமியோனின் மரத்தை, மீனுக்குப் போன செபநாயகம் கடலில் கண்டு இழுத்து வந்தான். உச்சியில் அவன் செதுக்கிய சிலுவை இருக்கிறது. பெண்கள் ஒப்பாரி வைக்கத் தொடங்க, அதட்டி நிறுத்தினேன். முறிந்த மரம் கயிற்றில் தொங்கியபடி அலைக்கு அலை வள்ளத்தை இடிக்கும். அதனால் உயிரோடு இருக்கிறவன் முதலில் கயிற்றைத்தான் வெட்டுவான். மரத்தோடு வந்த கயிற்று நுனியை நான் தடவிப் பார்த்தேன். கத்தி வெட்டு. அப்பு, உமக்கு மரமே மங்கலாய்த் தெரியுது, வெட்டு மட்டும் தெரியுதோ என்று செபநாயகம் நக்கலடித்தான். என் விரலுக்குத் தெரியும். நேவிக்காரன் சுட்ட துவாரம் உண்டா என்றும் தேடினேன். இல்லை. காற்றுத்தான் முறித்திருக்கிறது.

மூன்றாவது கயிற்றைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறாள் மார்கிரட். உனக்கு ஒளிக்க எனக்கு மனமில்லை. மரத்தைப் பிடிக்கிற மூன்று கயிற்றில் இரண்டில்தான் கத்தி வெட்டு. மூன்றாவது பிய்ந்திருக்கிறது. மரத்தின் பாரமே அதை அறுத்திருக்கும். வெட்டின கை ஓய்ந்ததால் அல்ல. அப்படித்தான் இருக்க வேணும். ஆனாலும் காற்று எழும்பினால் போய் அந்த நுனியைத் திரும்பவும் தடவுகிறேன்.

மரம் முற்றத்தில் கிடக்கிறது. விறகுக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. சுவாமியார் பூசை வைப்போமா என்று கேட்டார். பயணம் போனவனுக்கு வைக்கிற பூசையை வையுங்கோ சுவாமி, மற்றது வேண்டாம் என்றேன்.

பிள்ளை, வாடை இன்னும் உங்கள் கரைக்குத்தான் அடிக்கிறது. தொண்டியில் கேள், தேவிபட்டினத்தில் கேள். போலீசில் வைத்திருக்கிறார்களோ என்று விசாரி. ஆஸ்பத்திரி வாட்டுகளில் பார். வாட்டுக்குப் பின்னால் இருக்கிற அறையைத் திறந்து காட்ட வருவார்கள், அங்கே மட்டும் போகாதே. யார் தந்தாலும் கறுப்புச் சீலை வாங்காதே.

தொலைந்ததைத் தேடித் தருகிறவர் எங்கள் அந்தோனியார். உன்னையும் பிள்ளைகளையும் அவர் கையில் ஒப்புக்கொடுக்கிறேன். அவனைக் கண்டால் உடனே எழுது. காணாவிட்டால், கொஞ்சம் பிந்தி எழுது.

உன் மாமா
நீக்கிலாப்பிள்ளை
(கைநாட்டு)