இடக்கைக்கு ஒரு பிடி

கல்முனை,
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மனைவி ஹிமாயாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் அப்ராவும் நல்ல சுகம். உன் உம்மாவும் சுகம்தான். ஆனால் மாமிக்கும் எனக்கும் இரண்டு நாளாகப் பேச்சில்லாமல் இருந்தது. அது ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

சனிக்கிழமை நீ போனை வைத்தாய். இன்றைக்கு ஐந்தாம் நாள். எத்தனை தரம் எடுத்தேன் என்று உன் போனே சொல்லும். கடைசியில், கல்யாணம் முடித்து ஏழு வருஷத்தில் முதல் தரமாக உனக்குக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். பார்சலை எப்படியும் திறப்பாய். திறந்ததும் உள்ளே இருக்கும் பொருளைத் தொடாமல் முதலில் இதைப் படி. எனக்கு உடம்பெல்லாம் கோபமாக இருக்கிறது. அதைச் சொல்லி முடிக்காமல் நல்ல வார்த்தை எதுவும் வராது.

சனிக்கிழமை முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். கொழும்பில் நடந்த பிஸ்டல் சுடும் தேர்வுச் சுற்றில் 545 எடுக்க வேண்டிய இடத்தில் 531 எடுத்தாய் என்று சொன்னாய். சரி, இன்னொரு சுற்று இருக்கிறது என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "நான் கேட்டது இடக்கைக்கு. நீங்க செஞ்சு அனுப்பினது சோத்துக் கைக்கு. பொறவு என்னத்துக்கு மச்சான் எனக்கிட்ட அளவு கேட்ட நீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். பதினொரு நாள், ஹிமாயா! சம்மாந்துறைக்காரரின் கல்யாண அலுமாரியைப் பாதியில் நிறுத்திவிட்டு, நல்ல முதிரைக் கட்டையில் செதுக்கிய பிடி அது. என் தச்சுக் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அதற்கு ஒரு ஜஸாக்கல்லாஹ் இல்லை, ஒரு நன்றி இல்லை, குற்றப்பத்திரிகை வாசிக்கிறாயே என்று கொதித்தேன்.

நான் விட்ட பிழையை நீயும் தெரிந்துகொள். துப்பாக்கி சுடும் கழகத்தில் உனக்கு இரண்டு பிஸ்டல் காட்டினார்கள் என்று சொன்னாய். பழையதில் தோட்டாக் கூடு பிடிக்குள்ளேயே ஏறுவதால் உன் சின்னக் கைக்குப் பிடி தடிப்பாக இருந்தது. மற்றதில் கூடு விசைக்கு முன்னால் இருக்கிறது, பிடி முழுக்க மரம், எப்படியும் செதுக்கலாம் என்று அதைத் தேர்ந்தாய். கெட்டிக்காரி, நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். அதில் பூட்டியிருந்த ஆண்பிள்ளைகளின் பெரிய பிடியை மாதிரிக்குக் கழற்றி அனுப்பினாய். கூடவே கடதாசியில் கையை வைத்து வரைந்து, 'இடது' என்று எழுதியும் அனுப்பினாய்.

மாதிரிப் பிடி வலக்கைக்கு உள்ளது. கடதாசியில் இருப்பதோ இடக்கை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பென்சில் பிடிப்பது வலக்கை, அப்படியானால் வரைவதற்கு மற்றக் கையைத்தானே வைக்க முடியும், அதைத்தான் 'இடது' என்று ஒழுங்காகக் குறித்திருக்கிறாள் என்று நினைத்தேன். கடதாசியைத் திருப்பிப் போட்டு வலக்கையாக்கிக்கொண்டேன். என் மூளையை நானே மெச்சினேன். ஒரு பேச்சுக்கு மாமியிடமும் கேட்டேன். "என்ட புள்ள சோத்துக் கைக்காரி. அவட எழுத்தப் பாருங்களன், அச்சு மாதிரி இரிக்கி" என்றார். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிஷ வேலை.

ஞாயிறு காலை உன் பயிற்சியாளர் வினோஜாவுக்குப் போன் எடுத்தேன், சண்டை பிடிக்கத்தான். என் மனைவியின் கையை மாற்ற நீங்கள் யார் என்று கேட்டேன். திருக்கோவில் ஊர்ப் பிள்ளை, நம்மைவிட வாய்க்காரி. "அண்ணன், கொஞ்சம் கத்தாம நான் சொல்லுறதக் கேளுங்க. ரெண்டு கையையும் நீட்டி, நடுவில ஒரு ஓட்டை மாதிரி வச்சி, அதுக்குள்ளால சுவர் மணிக்கூட்டப் பாருங்க. பொறவு ஒரு கண்ண மூடுங்க" என்றாள். செய்தேன். இடக்கண்ணை மூடினாலும் எனக்கு மணிக்கூடு அப்படியே இருந்தது. வலக்கண்ணை மூடினதும் ஓடிப்போய்விட்டது. உனக்கு இது நேர்மாறாம். உன் இடக்கண்தான் குறியைப் பிடிக்கிற கண்ணாம். இரண்டு வருஷமாக வலக்கையில் பிஸ்டலைப் பிடித்து, இடக்கண்ணுக்கு நேராக்கக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துச் சுட்டிருக்கிறாய். அந்தக் கழுத்து வலிக்கு நான் பள்ளிக்கூடத்துக் கதிரையைக் குற்றம் சொன்னேன், உடற்கல்வி டீச்சர் கதிரையில் இருப்பதே இல்லை என்பதுகூட மறந்து.

மார்ச் மாதம் உன்னை இடக்கைக்கு மாற்றினாளாம். பழைய பிஸ்டலில் இரண்டு கைக்கும் பொதுவான தட்டைப் பிடி இருந்ததால் அதில் பழக்கினாளாம். ஒரு நாள் 552 எடுத்தாயாம். தேர்வுக்கு முந்தின நாள் அது தோட்டா சிக்கிப் படுத்துவிட்டதாம். என் முதிரைப் பிடியை நம்பி இருந்தாயாம். அது வந்து சேர்ந்தது வலக்கைக்கு. வேறு வழியில்லாமல் மூன்று மாதம் தொடாத கையால் சுட்டாய். இதையெல்லாம் ஒரு வேற்று ஆள் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் நீ சொல்லவில்லை என்று மீண்டும் உன் மேல்தான் கோபப்பட்டேன்.

திங்கட்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். அப்ரா முன் அறையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையால் கடதாசியைப் பிடிக்கவும் முடியாமல், பென்சிலும் வழுக்கி, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் இடக்கை மாமியின் சால்வைத் துண்டால் இடுப்போடு கட்டியிருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை, ஹிமாயா! யார் கட்டினது என்று கேட்டேன். மாமி குசினி அடுப்படியிலிருந்து சர்வசாதாரணமாக வந்து, "பதறாதீங்க மருமகன். உங்கட பொஞ்சாதிக்கும் இப்பிடித்தான் கட்டி மாத்தின. ஒரு வருசம் அழுதாள், பொறவு சரியாயித்து. இப்ப அவளுக்கு என்ன குறைஞ்சி போயித்து?" என்றார்.

ஏழு வருஷம் அந்த மனிசியின் முகத்துக்கு நேரே குரல் உயர்த்தாதவன் நான். அன்றைக்குக் கத்தினேன். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகவும் முடியாது, இது உனக்குச் சீதனமாக வந்த வீடு, எந்த முகத்தோடு வாசலைத் தாண்டுவது? நின்ற இடத்திலேயே நின்று கத்தினேன். வலக்கையால் சாப்பிடுவது சுன்னத், நபி காட்டிய வழி, அதற்கு நானும் ஓம் என்கிறேன், பிள்ளைக்கு அதை நானே பழக்குவேன். வர்ணப் பென்சிலுக்கு எந்த மார்க்கக் கிதாபில் சட்டம் இருக்கிறது, கத்தரிக்கோலுக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "ஊர் சிரிக்கும்" என்றார். சிரிக்கட்டும், ஊரின் பல்லுக்காக என் மகளின் கையைக் கட்டுவதா என்று கேட்டேன். அன்று தொடங்கி எனக்குச் சோறு அப்ரா மூலமாகத்தான் வருகிறது.

கத்தி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போத்தல் மூடியை நீ எந்தக் கையால் திறப்பாய்? வாசல் கேற்றை எந்தக் கையால் பூட்டுவாய்? நுளம்பு கடித்தால் எந்தக் கையால் அடிப்பாய்? லொறி ஒன்று உரசிக்கொண்டு போனால் எந்தக் கையால் என்னைப் பிடித்து இழுப்பாய்? எல்லாம் இடது. மரத்தின் ரேகையைப் பார்த்து எந்தப் பக்கம் வெட்டினால் பிளக்கும் என்று சொல்கிறவன் நான். ஒரே வீட்டில் இருந்த பெண்ணின் கையைப் பார்க்கவில்லை. நீ சொல்லாததில் பிழை இல்லை. இடக்கை என்றால் உன் வீட்டில் கட்டுவார்கள் என்று நாலு வயதிலேயே படித்துவிட்டாய். எழுதி அனுப்பியதையே நான் திருப்பிப் போட்டேன், வாயால் சொன்னால் மட்டும் கேட்டிருப்பேனா?

கோபம் இன்னும் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை உங்கள் கழகச் செயலாளருக்குப் போன் எடுத்தேன். பெட்டகத்தில் பதினொரு பிஸ்டல் வைத்திருக்கிறீர்களே, ஒன்றுக்காவது இடக்கைப் பிடி வாங்கக்கூடாதா என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். இதுவரை இடக்கைக்காரர் யாரும் எங்களிடம் வந்ததில்லை என்றார் அந்த மனிசன். எப்படி வருவார்கள்? நாலு வயதில் கட்டிப் போட்டால் எவர் வருவார்? அதையும் சொன்னேன், விளங்கியதா தெரியாது.

இன்று காலை பஸ் பார்சல் கவுண்டரில் நடந்ததைக் கேள். முதல் பிடியை 'மரச்சாமான்' என்று எழுதிக் கொடுத்தேன், சத்தமில்லாமல் போனது. இந்த முறை பொய் வேண்டாம் என்று 'பிஸ்டல் பிடி' என்று எழுதினேன். கவுண்டர்காரர் பொலிசுக்கு அறிவித்துவிட்டார். தொப்பியும் தாடியும் உள்ளவன் அதை எழுதினால் அறிவிக்காமல் விடுவார்களா? பொலிசார் வந்து, பகல் லுஹர் தொழுகை வரை என்னை வாங்குப் பலகையில் இருத்தி வைத்தார்கள். "பிடி இஞ்ச இரிக்கி, பிஸ்டல் எங்க?" என்று ஒருவர் ஏழு தரம் கேட்டார். பிஸ்டல் கொழும்பில் கழகப் பெட்டகத்தில், பூட்டு அவர்களிடம், என்னிடம் இருப்பது வெறும் மரக்கட்டை, இதை எறிந்தால் காகமும் சாகாது என்றேன். கடைசியில் வினோஜா போனில் பேசிக் கழகக் கடிதத்தையும் அனுப்பின பிறகு விட்டார்கள். இனி எந்தக் கவுண்டரும் வேண்டாம். என் தளபாடங்களைக் கொழும்புக்கு ஏற்றும் காரைதீவு சசிகரன் லொறியில் கொண்டுவந்து உன் கையிலேயே தருவான். அவனுக்கு ஒரு தேத்தண்ணி கொடு.

இனிப் பொருளை எடுத்துப் பார். உன் கடதாசியைத் திருப்பாமல், நீ வரைந்தது வரைந்தபடி வைத்துச் செய்தது. உள்பக்க அளவுகளை முன்னமே அட்டையில் வெட்டி வைத்திருந்ததால் மூன்று நாளில் முடிந்தது. முதிரை பாரம் என்று இந்த முறை தேக்கு. உள்ளங்கைக் குழிக்குள் உட்காரக் கொஞ்சம் மேடு விட்டிருக்கிறேன். பெருவிரல் படுக்க ஒரு தட்டு உண்டு. கைக்கடியில் வரும் தட்டு கீழே சரியக்கூடாது, மணிக்கட்டைத் தாங்கவும் கூடாது என்பது போட்டி விதியாம், வினோஜா வாசிக்க வாசிக்க மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். வியர்வையில் வழுக்கும் என்று வார்னிஷ் பூசவில்லை, ஆணி முனையால் குத்திச் சொரசொரப்பாக்கியிருக்கிறேன். எங்காவது உறுத்தினால் அந்த இடத்தில் மட்டும் சாண்ட் பேப்பரால் இரண்டு தேய். மேட்டைக் கூட்ட வேண்டுமென்றால் மரப் பட்டிப் பசை பூசலாம், ஒரு சிறு டப்பா வைத்திருக்கிறேன். விசையில் மட்டும் நீயோ வேறு யாரோ கை வைக்க வேண்டாம். விசை அமுங்காமல் ஒரு கிலோ பாரத்தைத் தூக்க வேண்டும், குறைந்தால் உன்னைப் போட்டியிலிருந்து தள்ளிவிடுவார்களாம். அதைக் கழகத்துத் துவக்குத் திருத்துபவர் பார்த்துக்கொள்வார்.

இந்தச் சனிக்கிழமைதான் கடைசிச் சுற்று என்று எனக்குத் தெரியும். இரண்டு நாளில் புதுப் பிடிக்குக் கை பழகுமா என்று எனக்குத் தெரியாது. 545 வந்தாலும் வராவிட்டாலும் நீ இடக்கையால் சுட வேண்டும். யாராவது ஒரு மாதிரிப் பார்த்தால் பார்க்கட்டும். உனக்கு மரியாதை அதிகம், மற்றவர் சொன்னால் கையை மாற்றிவிடுவாய். இந்த ஒரு தரம் மாற்றாதே.

வீட்டுச் செய்தி ஒன்று மிச்சம் இருக்கிறது. அப்ரா இன்று உன்னைப் படமாகக் கீறினாள், இடக்கையால். படத்தில் உனக்குப் பிஸ்டலும் இடக்கையில்தான் இருக்கிறது, தலையைவிட அது பெரிசு. மாமி அதை எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு நாளில் முதல் தரமாக என்னோடு கதைத்தார். "அவளுக்கு நொந்திரிக்குமா, மருமகன்?" என்று கேட்டார். அதை அவளிடமே கேளுங்கள் என்றேன். போனைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்துவிட்டார். சனிக்கிழமைக்கு முன் அவர் எடுத்தால் வைத்துவிடாதே. என்ன பதில் சொல்வது என்பதை நீ முடிவு செய், நான் அதில் தலையிடமாட்டேன்.

யா அல்லாஹ், இவளுடைய கண்ணையும் கையையும் ஒன்றாக்கி வை என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

உன் கணவன்,
நளீர்.

கீழே இருக்கும் வரியை என் இடக்கையால் எழுதுகிறேன். ஒரு வரிக்கே கை கடுக்கிறது, விரலெல்லாம் மை. நீ ஒரு வருஷம் அழுதுகொண்டு எழுதினாய். எழுத்துக் கோணலாக இருந்தால் சிரி, சிரித்துவிட்டுப் போனை எடு.

ஹிமாயா, என்னைப் பொறுத்துக்கொள்.