உன் பெயருக்கு நான் வைத்த சிவப்பு

இன்று காலை, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நான் வேலை செய்யும் அச்சுக்கடையில் சிவப்பு மை மாற்றினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியபோது, சார்செல் புறநகரில் இருந்து வந்த ஒரு அம்மா முன்னால் நின்றார்.

“மகள் பெரியபிள்ளையாகிட்டாள். சாமத்தியச் சடங்குக்கு அழைப்பிதழ். பேரைச் சிவப்பிலை பெரிசாப் போடுங்கோ.”

“சிவப்பு உங்களுக்குப் பரவாயில்லையோ?”

“இதென்ன கேள்வி பிள்ளை? மங்களம்தானே!”

அவருக்கு மங்களம்தான். எனக்கு உன் பெயர்தான் நினைவுக்கு வந்தது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். உனக்குத் தெரிந்த ஒரே தமிழ், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘ஓம்’. ஆனாலும் தமிழிலேயே எழுதுகிறேன். பிரெஞ்சில் எழுதினால் எனக்கு நானே வக்கீலாகிவிடுவேன்.

வடிவமைப்புப் படிப்பின் கடைசித் தேர்வுக்கு நாம் இருவரும் ஒரு சுவரொட்டி செய்தோம். அதற்கு அடுத்த வாரம் உனக்கு இதய அறுவைச் சிகிச்சை. நல்லபடி நடக்கட்டும் என்று நினைத்து, உன்னைக் கேட்காமல், இதே கடையில், வெள்ளைத் தாளில் உன் பெயரைச் சிவப்பில் அச்சடித்தேன். குங்குமம் இல்லாமல் எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் தொடங்காது. அந்தப் பெருமை வேறு எனக்கு.

தேர்வன்று காலை அதை எடுக்க நீ உன் அம்மாவோடு கடைக்கு வந்தாய். அவர் பார்த்தார். முகம் வெளுத்தது. உன் பெயரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சீன மொழியில் ஏதோ சொன்னார்.

“உயிரோடு இருப்பவரின் பெயரை நாங்கள் சிவப்பு மையில் எழுதமாட்டோம்,” என்றாய்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. “உங்கள் கல்யாணம் முழுக்கச் சிவப்புத்தானே!” என்று கத்தினேன்.

நீ மூச்சு வாங்கக் கதிரையில் உட்கார்ந்தாய். “தாள் சிவப்பென்றால் வாழ்த்து. பெயர் சிவப்பென்றால் சாவுக்குறி. நிறத்தை மட்டும் பார்க்காதே, அது எங்கே இருக்கிறது என்று பார்.”

தேர்வுக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. கல்யாண அட்டைக்கு வைத்திருந்த சிவப்புத் தாளை உருவினேன். கறுப்பு எழுத்து என்றதும் கடைக்கார அண்ணை பதறினார்: “கறுப்போ? செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரியெல்லே கிடக்கும்!” உனக்குப் பிரெஞ்சில் சொன்னேன். அந்த நிலையிலும் நீ சிரித்தாய். உன் அம்மா சிரிக்கவில்லை. கறுப்பிலேயே அச்சடித்து எடுத்துக்கொண்டு போனோம்.

“சிவப்பென்றால் ஆபத்து என்றுதானே படித்தீர்கள்?” என்றார் தேர்வாளர். நீ தாளையும் மையையும் பற்றிச் சொன்னாய். பிறகு என் முழங்கையை இடித்தாய். நான் குங்குமத்தையும் அண்ணையின் கறுப்புப் பயத்தையும் சொன்னேன். பாடப் புத்தகத்து நிறப் பட்டியலை அவர் மூடி வைத்துவிட்டார். நமக்குக் கொடுத்த நேரம் முடிந்தும் கேள்வி முடியவில்லை. தேறினோம்.

அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை முடிந்து நீ கண் விழிக்கவில்லை.

அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டு ஓடினேன். நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். படித்தவள், மை ஆளைக் கொல்லாது என்று தெரிந்தவள், இரவும் பகலும் அதையே நினைத்தேன். ஒரு மாதம் கழித்து, ஒபர்வில்லியே புறநகரில் உன் அம்மா வேலை செய்யும் துணிக்கடைக்குப் போனேன். வாயைத் திறக்குமுன் அழுதுவிட்டேன்.

அவர் தெரிந்த பிரெஞ்சில் மெல்லச் சொன்னார்: “மை இல்லை. அவள் இதயம் பிறந்தபோதே பழுது.” துணியை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஆனால் நீ கேட்டிருக்கலாம். எனக்கு ஏற்கனவே போதுமான பயம் இருந்தது.”

மன்னித்தாரா என்று இன்றைக்கும் தெரியாது. யார் பெயருக்கும் இப்போது கேட்காமல் நிறம் வைப்பதில்லை. விசர்க் கேள்வி, பைத்தியமோ என்று சிலர் சிரிக்கிறார்கள்; சிரிக்கட்டும்.

அந்தச் சிவப்பு மை விலக்கு உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். இனி உன் பெயரைச் சிவப்பில் எழுதலாம், யாரும் கையால் பொத்தமாட்டார்கள். என்னால்தான் முடியவில்லை.