புளி போட்டுத் துலக்கிய நாணயம்

புக்கிட் பாஞ்சாங்
திங்கட்கிழமை

அன்பு மகன் ரித்திக்குக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் முருகன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீ குளிருக்குத் தொப்பி போடுகிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் கவலை. போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். போனை அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், வாட்ஸ்அப்பையும் அவர்தான் முதலில் படிக்கிறார். இது அவருக்குத் தெரியாமல் எழுதுவது. பக்கத்து பிளாக் முனீரா நாளை உங்கள் கால்கரிக்குத் திரும்புகிறாள், ரசப்பொடிப் பையில் மறைத்துக் கொடுக்கிறேன்.

அப்பாவின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நீ இணையத்தில் வாங்கி அனுப்பினாயே, பிரிட்டிஷ் காலத்து ஒரு வெள்ளி நாணயம், அதைச் சாமி மேடையில் வைத்திருந்தார். போன வியாழக்கிழமை குத்துவிளக்கு துலக்கும்போது அதுவும் கறுத்துக் கிடக்கிறதே என்று வெந்நீரில் ஊறப்போட்டுப் புளி வைத்துத் தேய்த்துவிட்டேன். பழைய காசைத் துலக்கினால் மதிப்பே போய்விடும் என்று முப்பது வருடமாக அவர் கத்துவது அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. தேய்த்த தேய்ப்பில் வருடத்தின் கடைசி எண் பெயர்ந்து என் உள்ளங்கையில் எள் மாதிரி ஒட்டிக்கொண்டது. அழுதுகொண்டே போய் அப்பாவிடம் காட்டினேன். மனுஷர் திட்டவில்லை, சிரிக்கிறார்! "முதல் நாளே தெரியும் லா, காசு அசல்தான், வருஷத்த மாத்திட்டான்" என்றார். சாதாரண வருடத்துக் காசில் ஓர் எண்ணைச் சுரண்டிவிட்டு, கிடைக்காத வருடத்து எண்ணை ஒட்டியிருக்கிறார்களாம். லென்ஸில் பார்த்தால் மற்ற மூன்று எண்களும் காசோடு சேர்ந்தே எழும்பியிருக்குமாம், ஒட்டியது மட்டும் மேலே உட்கார்ந்திருக்குமாம், அடியில் மயிரிழை இடைவெளி தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பிள்ளை ஆசையாக அனுப்பியது, மனசு கஷ்டப்படுவான், நீயும் வாயைத் திறக்காதே என்கிறார்.

நானும் திறந்திருக்க மாட்டேன். ஆனால் நேற்று போனில் நீ, அந்தக் காசை விற்ற அதே ஆளிடம் தீபாவளிக்கு இன்னும் விலை கூடின ஒன்று பேசி வைத்திருப்பதாகச் சொன்னதும் அப்பா முகம் சுருங்கிவிட்டது, அப்போதும் "சந்தோஷம்பா" என்றுதான் சொன்னார். வேண்டாம் கண்ணா, வாங்காதே. அந்த இணையத்தளத்தில் புகார் கொடு. நீ ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தேக்கா சந்தையில் நாற்பது வருடமாக மீன் வாங்கும் நானே போன வாரம் செவுளைப் பார்க்காமல் ஏமாந்தேன். அப்பா அந்தக் காசைத் தூக்கிப் போடவில்லை. அதையும் பெயர்ந்த எண்ணையும் சமூக மன்றத்தில் நாணயம் சேர்ப்பவர்களிடம் கொண்டுபோய், என் மகன் அனுப்பியது, ஒட்டு வேலை எப்படி இருக்கும் பாருங்கள் என்று லென்ஸைக் கொடுத்துக் காட்டினாராம். வந்து சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வேலையை விட்ட பிறகு அப்படி நான் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று இன்று காலை சும்மா கேட்பது போல் கேட்டேன். "அவன் வரட்டும், ரெண்டு பேருமா கடைக்குப் போய்ப் பார்த்து வாங்குறோம்" என்றார். நீ போன இந்த மூன்று வருடத்தில் உன்னை வா என்று அவர் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை, அதுவும் என்னிடம். அந்தத் தீபாவளிக் காசுக்கு வைத்திருக்கும் பணத்தில் டிக்கெட் போடு.

நோய் நொடியில்லாமல் நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். தொப்பியை மறக்காதே. நான் எழுதியதை மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதே, நீயாகவே வருவதாக இருக்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா