சைக்கிளால இறங்கிற பழக்கம்

என்ர குஞ்சுக்கு,

நீ அமெரிக்க ஆமியில சேர்ந்தபோது, வெளிநாட்டுச் சண்டைக்கு அனுப்பிப்போடுவாங்கள் எண்டுதான் பயந்தனான். இப்ப சனாதிபதி உங்களை உங்கட நகரத் தெருவிலயே நிறுத்தியிருக்கிறாராம். நீ அனுப்பின படம் கிடைச்சது. தொப்பி வடிவாயிருக்கு. கையில இருக்கிறதை நான் பாக்கேல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

நேற்று இஞ்ச விம்பிள்டனில ஒரு பொலிஸ்காரனைக் கண்டதும், சைக்கிளால இறங்கி உருட்டிக்கொண்டு போனன். அப்பா சிரிச்சார். சண்டைக் காலத்தில யாழ்ப்பாணத்தில ஆமிக்காரன் நிண்டால் இறங்கித்தான் போகவேணும், ஏறியிருந்து போக ஏலாது. முப்பது வருசமாகியும் கால் இன்னும் மறக்கேல்லை.

படத்தில உனக்குப் பின்னால ஒரு பொம்பிளை சைக்கிளை உருட்டிக்கொண்டு போறா. அவ திரும்ப வந்தால், ஏறியிருந்தே போகச் சொல்லு, பிள்ளை.

அம்மா